பிஸ்கட் டின்னில் கிடைத்த பட்டாளக் கடிதங்களை என்ன செய்வது

தோட்டத்தை விற்று, லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து, ஆளுக்கொரு டவுன் வீட்டுக்குக் குடிபோகும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் கட்டாயம் வெளியே வரும். பாதி வீடுகளில் அதற்குள் தையல் நூலும் பொத்தானும்தான். சில வீடுகளில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய கடிதங்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் பெரியம்மா இறந்து முப்பதாம் நாள் காரியம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது கிடைத்த டின்னில் 41 கடிதங்கள் இருந்தன, எல்லாம் பெரியப்பா கல்யாணத்துக்கு முன்னால் பட்டாளத்திலிருந்து எழுதியவை, 1953-லிருந்து 1956 வரை. அவற்றைக் காப்பாற்றி, தேதி கண்டுபிடித்து, படித்து முடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பாதி நேரம் நானே செய்த தப்பைத் திருத்தத்தான் போனது. உங்கள் கைக்கும் இப்படி ஒரு டின் வந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் நாள் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. கட்டைப் பிரிக்காதீர்கள். யாராவது "அட, காதல் கடிதம்!" என்று கூவிக்கொண்டு நடுவிலிருந்து ஒன்றை உருவுவார்கள், கையைத் தட்டிவிடுங்கள். டின்னுக்குள் எப்படி இருந்ததோ அப்படியே மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். அடுக்கியிருக்கிற வரிசையே ஒரு தகவல்தான். பெரியம்மா தேதி வரிசையில் அடுக்கவில்லை. அடிக்கடி எடுத்துப் படித்தவை மேலே, அப்படியே விட்டுவைத்தவை கீழே. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது, அதற்குள் நான் எல்லாவற்றையும் கலைத்துத் தேதி வாரியாக அடுக்கிவிட்டேன். எடுத்திருந்த ஒரே ஒரு படத்தை வைத்துத்தான் மேல் ஆறு கடிதம் எவை என்று கண்டுபிடிக்க முடிந்தது.

ரப்பர் வளையத்தை இழுத்துக் கழற்றாதீர்கள். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் பழசானால் எப்படிப் பிசுபிசுக்கும், அப்புறம் எப்படி மொறுமொறுவென்று உடையும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்தரியால் ஓர் இடத்தில் வெட்டிவிட்டு, ஒட்டாத பகுதி தானாக விழட்டும், ஒட்டிய துண்டை அப்படியே விடுங்கள். குண்டூசி, கிளிப் துருப்பிடித்திருந்தால் அதற்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, கம்பியை மட்டும் மெதுவாக வளைத்து எடுக்கலாம். கையுறை தேவையில்லை, அது தாளின் ஓரத்தை உணர விடாது, கிழித்துவிடுவீர்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். சாமி கும்பிட்டுவிட்டு விரலில் விபூதி குங்குமத்தோடு வந்து உட்காராதீர்கள், எங்கள் அம்மா அப்படி வைத்த ஒரு சிவப்புப் புள்ளி பதினேழாவது கடிதத்தில் இன்னும் இருக்கிறது.

ஈரமும் பூச்சியும்

நம் ஊர்க் காற்றுதான் கடிதத்துக்கு முதல் எதிரி. தாளுக்குக் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது, நம் வீட்டுக்குள் சாதாரணமாகவே அதைத் தாண்டித்தான் இருக்கும். ஈரமாகத் தெரிந்தால் வெயிலில் காயவைக்கத் தோன்றும், ஒட்டுப்பால் காயப்போடுகிற பழக்கம் நமக்கு. வேண்டாம். வெயில் மையை வெளுக்கும், தாளைச் சுருட்டும். விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்து, அறை நிழலில், வெள்ளைத் தாள்களுக்கு மேல் பரப்பி இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

பூஞ்சை இருந்தால், அதாவது சாம்பலோ பச்சையோ பஞ்சு மாதிரி படிந்திருந்தால், முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளி வராந்தாவில், காய்ந்த பிறகு, மெல்லிய தூரிகையால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும். பூச்சிக்கு என்று பாச்சை உருண்டை போடுவார்கள், வேப்பிலையைக் கிள்ளிப் போடுவார்கள். முதலாவது உங்கள் மூச்சுக்கும் கெடுதல், தாளில் வாடையும் போகாது. இரண்டாவது வாடி ஈரம் விடும், கறை பிடிக்கும். ராமபாணப் பூச்சி அரித்த தடம் இருந்தால் நல்ல வழி குளிர்தான். கடிதங்களை ஜிப் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, இன்னொரு பையிலும் போட்டு, ஃபிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளில் வியர்வை மாதிரி இறங்கும். ஃபிரீசரில் கெம்போங் மீனுக்கும் பெரியப்பாவின் காதலுக்கும் நடுவில் தடுப்பு வைத்தது என் மனைவி, அது தனிக் கதை.

மடிப்பில் விறைத்துப்போன தாளை விரிக்க இலேசாக ஈரமூட்டலாம் என்று படித்திருப்பீர்கள். செய்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர்கள் பலர் எழுதியது காப்பிங் பென்சிலில். பார்க்கச் சாதாரணக் கரிப்பென்சில் மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும், ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாக மாறிப் பரவிவிடும். எழுத்தில் எங்காவது ஊதாத் திட்டு தெரிந்தால் (எழுதும்போது முனையை நாக்கில் தொட்டிருப்பார், வியர்வை விழுந்திருக்கும்) அந்தக் கடிதத்தின் பக்கமே ஈரத்தைக் கொண்டுபோகாதீர்கள். கழுவினால் போகிற நீல மைக்கும் இதே கதிதான். விரிக்க வரவில்லை என்றால் வரவில்லை, பாதி திறந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

லேமினேட் செய்யாதீர்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், முதல் வாரமே நல்லதாக இருந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அடையாளக் கார்டுக்குச் செய்கிற மாதிரியே பளபளவென்று செய்து இரண்டு வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். சூட்டில் தாள் அங்கங்கே பழுத்து, மடிப்பில் இருந்த ஒரு வரி கறுத்துப் போயிற்று. பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க வழியில்லை. செலோடேப்பும் அப்படித்தான், பத்து வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். கிழிசலை ஒட்ட வேண்டாம், கிழிந்தது கிழிந்தபடி ஒரு உறையில் இருக்கட்டும். அமிலம் இல்லாத தாள் உறை கிடைத்தால் அதில் போடுங்கள், பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பாலியெஸ்டர். மணம் வீசுகிற மலிவான பிவிசி கோப்பு வேண்டாம்.

படம் எடுப்பது

ஸ்கேனர் இருந்தால் தட்டையானதாக இருக்க வேண்டும், தாளை உள்ளே இழுக்கிற மாதிரி வேண்டவே வேண்டாம். 400 அல்லது 600 டிபிஐ வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் நன்றாகவே வரும், காலை பத்து மணிக்கு நேர் வெயில் படாத வராந்தா போதும், ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுங்கள். இரண்டு பக்கமும், காலிப் பக்கமும், உறையின் முன்னும் பின்னும், உறையின் உள்பக்கமும். பெரியம்மா ஓர் உறையைப் பிரித்து உள்பக்கத்தில் பால் கணக்குக் கூட்டியிருந்தார், அந்தக் கணக்கில் இருந்த மாதம்தான் தேதியில்லாத மூன்று கடிதங்களுக்கு இடம் காட்டியது.

அழிந்த பென்சில் எழுத்துக்கு ஒரு தந்திரம்: அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுதிய அழுத்தம் பள்ளமாக நிழல் விழும். மேல் தாளில் எழுதியதன் தடம் கீழ்த் தாளில் பதிந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும், அனுப்பாமல் கிழித்துப்போட்ட கடிதத்தின் ஒரு வரிகூடக் கிடைக்கலாம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், தேதி, பக்கம் என்ற வரிசையில் வையுங்கள், கணினி தானே அடுக்கிவிடும். ஒரு பிரதி வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம்.

தேதி கண்டுபிடிப்பது

பாதிக் கடிதங்களில் தேதி இருக்காது, அல்லது "வெள்ளிக்கிழமை இரவு" என்று மட்டும் இருக்கும். தபால் முத்திரையில் பார்க்கலாம் என்றால், முத்திரை விழுகிற மூலையைத்தான் யாராவது ஒரு பையன் தபால் தலை சேர்க்க வெட்டி எடுத்திருப்பான். எங்கள் வீட்டில் ஒன்பது உறைக்கு மூலை இல்லை.

முத்திரை இருந்தால் முதலில் ஊர்ப் பெயரின் எழுத்தைப் பாருங்கள். பழைய முத்திரைகளில் சுங்கை என்ற சொல்லின் கடைசிக்கு முந்திய ஆங்கில எழுத்து 'e' (Sungei), இப்போது 'a' (Sungai). தெலுக் அன்சன் என்றிருந்தால் 1982-க்கு முன், அந்த வருடம்தான் அது தெலுக் இந்தானாக மாறியது. போர்ட் ஸ்வெட்டன்ஹம் என்றிருந்தால் 1972-க்கு முன். தபால் தலையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இருந்து அதன் மேல் பி.எம்.ஏ. மலாயா என்று அச்சடித்திருந்தால், ஜப்பான்காரன் சரணடைந்து பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்த 1945-க்கும் அதை அடுத்த சில வருடத்துக்கும் உரியது.

ஜப்பான்காரன் காலத்துக் கடிதம் கையில் இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். தபால் தலையில் 2602 என்று இருப்பதைப் பார்த்து என் நண்பர் ஒருவர் அச்சுப் பிழை என்றே நினைத்தார். அது அவர்களுடைய பேரரசு ஆண்டு: 2602 என்றால் 1942, 2603 என்றால் 1943, 2605 வரை அப்படியே. இன்னொரு கணக்கும் உண்டு, ஷோவா ஆண்டு, 17 என்றால் 1942. அவர்கள் வருடத்தை முதலிலும் அப்புறம் மாதத்தையும் கடைசியில் தேதியையும் எழுதுவார்கள், அதனால் 18, 7, 4 என்று வரிசையாக இருந்தால் 1943 ஜூலை 4. இந்தத் தேதியை வேண்டுமென்றேதான் சொல்கிறேன், அன்றைக்குத்தான் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். அதற்குப் பிறகு தோட்டத்துப் பையன்கள் நிறையப் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், அக்டோபரில் ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்ததும் பெண்களும் சேர்ந்தார்கள். அப்படிப் போனவர் எழுதிய கடிதத்தில் 'ஜெய் ஹிந்த்' என்று முடிவு இருக்கும், 'நாயக்', 'ஹவில்தார்' மாதிரி இந்துஸ்தானிச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருக்கும். ஜெய் ஹிந்த் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், 1947 வரை இங்கே கல்யாணப் பத்திரிகையில்கூட அதைப் போட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கை. "தாத்தா அந்தக் காலத்தில் பட்டாளத்துக்குப் போனார்" என்று வீட்டில் ஒரு கதை இருந்தால், அது பட்டாளம்தானா என்று பாருங்கள். 1942, 43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்களைப் பற்றி, பிள்ளைகளிடம் பட்டாளம் என்றே சொல்லி வளர்த்த குடும்பங்கள் உண்டு. கடிதமே இல்லாத தாத்தாவுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

சிலர் தமிழ் வருடம்தான் எழுதுவார்கள். சித்திரபானு என்றால் 1942 சித்திரையிலிருந்து, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945. அவசரகாலம் (மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு காட்டுச் சண்டை நடந்த காலம்) தொடங்கிய வருடம் சர்வதாரி, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது ஏவிளம்பி. தையிலும் மாசியிலும் எழுதிய கடிதம் என்றால் ஆங்கில வருடம் ஒன்று கூடிவிடும், இதை மறந்து நான் ஒரு கடிதத்தை ஒரு வருடம் முன்னால் தள்ளிவைத்தேன். தேதிக்குப் பக்கத்தில் ௳, ௴, ௵ என்று கோலம் மாதிரி ஏதாவது இருந்தால் பயப்பட வேண்டாம், முறையே நாள், மாதம், வருடம். ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணும் வரும். மேலே தனியாக இருக்கிற 'உ' இரண்டு இல்லை, பிள்ளையார் சுழி.

முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை என்றால் கடிதத்துக்குள்ளே ஊர்ச் செய்தியைத் தேடுங்கள். இதில்தான் எனக்கு ருசி அதிகம். சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்கு அவசரகாலத்தைச் சொல்ல வேண்டியதில்லை, 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதில்தான் அது ஆரம்பித்தது, 1960 ஜூலை 31 வரை நீண்டது. 1950-க்குப் பிறகு லயங்களை ஒன்றாகக் கூட்டி முள்கம்பி வேலி போட்டார்கள், ராத்திரி கேட்டை மூடினார்கள். அதனால் "வேலி கட்டி முடிந்ததா" என்று ஒருவர் கேட்டால் அது எந்தக் காலம் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். பெரியப்பா ஓரிடத்தில், "மலாக்கா பக்கம் கேட், சோதனை எல்லாம் எடுத்துவிட்டார்களாம், நம்ம பக்கம் எப்போ" என்று எழுதியிருக்கிறார். மலாக்காவில் ஒரு பகுதியை முதன்முதலாக வெள்ளைப் பகுதி (கட்டுப்பாடு நீக்கிய பகுதி) என்று அறிவித்தது 1953 செப்டம்பர். ஆகவே அதற்குப் பின். இன்னொரு கடிதத்தில் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங் காட்டைவிட்டு வெளியே வந்து துங்கு அப்துல் ரஹ்மானோடு பேசினதைப் பற்றி இருக்கிறது, பாலிங் பேச்சு, 1955 டிசம்பர் 28, 29. இப்படி நான்கைந்து முளை அடித்துவிட்டால் நடுவில் இருப்பவற்றைக் கயிறு கட்டி நிறுத்திவிடலாம். கடிதத்தில் காங்கோ என்று வந்தால் 1960-லிருந்து 1963-க்குள், மலாயாவின் சிறப்புப் படை ஐ.நா.வின் கீழ் அங்கே இருந்த காலம் அது. சபா, சரவாக் காட்டைப் பற்றி இருந்தால் 1963-லிருந்து 1966 வரையிலான இந்தோனேசியா மோதல் காலமாக இருக்கலாம்.

பெயர்த்து எழுதுவது

இருக்கிறபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. அந்தக் காலத்துக் கையெழுத்தில் பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. 'ர'வும் காலும் ஒரே மாதிரி இருக்கும். குறில் நெடில் எ, ஏ வித்தியாசம் இருக்காது. லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கையோடு இருக்கும், தமிழ்நாட்டில் 1978-இல்தான் அதை மாற்றினார்கள். எனவே ஒரு சொல்லை இரண்டு விதமாகப் படிக்க முடியும் என்றால் இரண்டையும் குறித்துவையுங்கள். பெரியப்பா எழுதிய ஒரு வரியை நான் ஆறு மாதம் "மரம் வெட்டப் போகிறேன்" என்று படித்துக்கொண்டிருந்தேன், பட்டாளத்தில் எதற்கு மரம் என்று யோசித்தபடி. சின்ன மாமாதான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அது "மாமா வீட்ட" என்றார், அதாவது மாமா வீட்டுக்கு.

பேச்சு வழக்கில் எழுதியிருந்தால் அதை அப்படியே விடுங்கள். "பசியாறியாச்சா" என்று நம் ஊர்க்காரர்தான் எழுதுவார், அதைச் "சாப்பிட்டாயா" என்று நீங்கள் மாற்றினால் ஆள் மாறிப்போவார். பெரட்டு (காலையில் ஆள் எண்ணுவது), மண்டோர் (கங்காணி), கிராணி (ஆபீசு எழுத்தர்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று வருகிற தோட்டத்துச் சொற்களுக்கு உங்கள் பிள்ளைகளுக்காக ஓரத்தில் அர்த்தம் எழுதிவையுங்கள், அவர்களுக்கு இப்போதே புரியாது. எழுத்துப் புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்பு போட்டு எத்தனை சொல் போயிற்று என்று குறியுங்கள்.

வாசிப்பது

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடம். பட்டாளத்துக்காரன் காதலிக்கு எழுதியது என்றதும் நாம் எதிர்பார்ப்பது ஒன்று, கையில் இருப்பது வேறு. எங்கள் 41 கடிதத்தில் ஒன்றுகூடப் பெரியம்மா பெயருக்கு வரவில்லை. எல்லாம் அவருடைய தம்பி, அப்போது ஒன்பது வயதுப் பையன், அவன் பெயருக்கு. "அன்புள்ள தம்பிக்கு, இங்கு நான் நலம், அங்கு அப்பா அம்மா நலமா, ஆட்டுக்குட்டி நலமா, நிற்க" என்று மூன்று பக்கம். ஒன்பது வயதுப் பையனுக்கு எதற்கு மாதத்துக்கு ஒரு கடிதம்?

தோட்டத்தில் கடிதம் வரும் வழியை யோசித்துப் பாருங்கள். தபால் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து தோட்டத்து ஆபீசுப் பைக்குள் வரும், கிராணி பிரித்துப் போடுவார், காலையில் இருட்டோடு பெரட்டுக்கு நிற்கும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கல்யாணம் ஆகாத பெண் பெயருக்குப் பட்டாளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் பால் வாளியை நிரைக்குக் கொண்டுபோவதற்குள் மொத்தத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அது சத்தமாக வாசிக்கப்படும், ஏனென்றால் தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் கடிதமாக இருந்தால் இன்னொரு ஆளும் நடுவில் உண்டு, தணிக்கை அதிகாரி, உறையைப் பிரித்துப் படித்து முத்திரை போட்டு, வேண்டாத வரியை வெட்டியோ கறுப்படித்தோ அனுப்புவார். ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் படிக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இதை யாரெல்லாம் படிப்பார்கள் என்று எழுதியவருக்குத் தெரியும்? எங்களுடையதற்கு: கிராணி, தாத்தா, பாட்டி, தம்பி, பக்கத்து லயத்து ஆட்கள், கடைசியில்தான் பெரியம்மா. இத்தனை பேர் காதுக்குத் தப்பி ஒரு சொல் அவரிடம் சேர வேண்டும்.

அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு வழி, ஒரே ஆள் எழுதிய எல்லாக் கடிதத்தின் நலம் விசாரிக்கும் பகுதியையும் மட்டும் தனியாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பது. எப்போதும் மாறாமல் வருவது எது, எங்கே ஏதாவது கூடுகிறது, எந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. நான் எழுதிப் பார்த்தேன். அப்பா, அம்மா, பெரியண்ணன், சின்னண்ணன், ஆட்டுக்குட்டி என்று எல்லாரும் வருகிறார்கள், வயதுக்கு வந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் "மற்ற அனைவரும் நலமா". முதல் ஏழு கடிதத்தில் சாதாரணமாக. எட்டாவதில் 'மற்ற' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. பதினொன்றாவதில் இரண்டு கோடு. அந்தத் தம்பிதான் எங்கள் சின்ன மாமா, அவரிடம் கேட்டேன். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. சிரித்தார். "அந்த வரி வந்தா அக்காவைப் பாத்துக்கிட்டே சத்தமா வாசிக்கணும். அப்படிச் சொல்லித்தான் ஒரு வெள்ளி குடுத்துட்டுப் போனாரு."

இரண்டாவது வழி, இல்லாத கடிதத்தைத் தேடுவது. பட்டாளத்தில் இருப்பவர் நடமாடிக்கொண்டே இருப்பார், வந்த கடிதத்தைச் சேர்த்துவைக்க இடம் இராது, மழையில் நனையும். அதனால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் மிஞ்சும், பெண் எழுதியது போய்விடும். ஒரு தாளை இரண்டாக மடித்து, வலப்பக்கம் அவர் சொல்கிற பதில்களை எழுதுங்கள்: "காய்ச்சல் விட்டது கேட்டு சந்தோஷம்", "அந்த நிறம் எனக்கும் பிடிக்கும்", "அவர் சொன்னதை மனசில் வைக்காதே". இடப்பக்கம், அவள் என்ன கேட்டிருந்தால் இந்தப் பதில் வரும் என்று எழுதுங்கள். அப்படி எழுதும்போது இடப்பக்கத்தை மைப்பேனாவில் எழுதாமல் பென்சிலில் எழுதுங்கள், உங்கள் ஊகம் உங்களுக்கே உண்மை மாதிரி தோன்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் வீட்டில் இருக்கிற மற்றத் தாள்களைப் பாருங்கள், பள்ளிக்கூட நோட்டின் பின் பக்கம், துணிக்கடை ரசீது, பஞ்சாங்க ஓரம். சின்ன மாமாவின் மூணாம் வகுப்பு வாய்ப்பாட்டு நோட்டில் ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் கீழே பெரியம்மாவின் கையெழுத்தில் ஒரு நகல் இருந்தது, மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தது. மிஞ்சியிருந்தது, "தம்பி எழுதுவது. இங்கு மற்ற அனைவரும் நலம்." 'மற்ற'வுக்குக் கீழே ஒரு கோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சண்டையைப் பற்றி இந்தக் கடிதங்களில் தேடாதீர்கள். பெரியப்பா இருந்தது ஃபெடரேஷன் ரெஜிமென்ட், 1952-இல் எல்லா இனத்தாரையும் சேர்த்து ஆரம்பித்த படை, காட்டுக்குள் வாரக்கணக்கில் ரோந்து போனவர். 41 கடிதத்திலும் காட்டைப் பற்றி இருப்பது அட்டை, மழை, காலில் புண், டின் மீன். எந்த இடம் என்று ஒரு ஊர்ப் பெயர் கிடையாது. ஒரே ஒரு கடிதத்தில், முப்பத்திரண்டாவதில், கையெழுத்து சட்டென்று மாறுகிறது, வரிகள் கீழே சாய்கின்றன, நலம் விசாரிப்பே இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. நாலே வரி. கூட இருந்தவர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், இனி வரமாட்டார், அவர் அம்மாவுக்குத் தெலுங்குதான் தெரியும், யார் எழுதுவது என்று தெரியவில்லை. அவ்வளவுதான். கையெழுத்து மாறுகிற இடத்தைக் கவனியுங்கள், பேனா மாறியதா, எழுதுகிற பலகை மாறியதா, கை மாறியதா என்று.

யாருக்குக் காட்டுவது

உயிரோடு இருப்பவர் யாராவது ஒருவருக்காவது இந்தக் கடிதத்தில் பங்கு இருந்தால், வாட்சாப் குடும்பக் குழுவில் போடும் முன் அவரிடம் கேளுங்கள். கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருடைய வாரிசுக்கு, இரண்டும் வேறு வேறு வீடாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை, கல்யாணம் நடந்தது, 1956 ஆவணியில். உங்கள் டின்னில் இருப்பவர் அத்தையைக் கட்டாத ஒருவராக இருந்தால், அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும், அங்கேயும் ஓர் அம்மா இருப்பார்.

கோலாலம்பூரில் ஆர்க்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) இருக்கிறது, தனியார் ஆவணங்களையும் வாங்கிப் பாதுகாக்கிறார்கள். மூலத்தைக் கொடுக்க மனம் வராவிட்டால் நல்ல பிரதி எடுத்து, யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்து, கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்துத் தமிழர் கையால் எழுதிய தாள் அங்கே எவ்வளவு இருந்தாலும் எனக்குப் போதாது. அந்தக் குறிப்புப் பக்கத்தை மட்டும் இன்றைக்கே எழுதிவிடுங்கள், கடிதத்தைவிட வேகமாக அழிவது அதுதான், 'தம்பி' என்றால் யார் என்று சொல்லச் சின்ன மாமா ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

மேல் ஆறு கடிதத்தில் மூன்றை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அத நான் சத்தமா வாசிக்கல" என்றார். அந்த மூன்றும் தனி உறையில், ஒட்டாமல், பென்சிலால் எண் மட்டும் போட்டு இருக்கின்றன. மற்ற 38-உம் அட்டைப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிற வேலை என் மகளுக்கு.